காந்தம் விழுந்த இடம்

பம்மலில் நாகு அண்ணனின் ஷெட். கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் என் மாமனார் உட்கார்ந்திருக்கிறார். எதிரே அவருடைய அம்பாசடர், சக்கரங்கள் கழற்றப்பட்டு நான்கு கட்டைகளின் மேல் நிற்கிறது. நாகு அண்ணன் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கையில் வைத்திருக்கிறார். பானெட்டில் ஆரம்பித்து, சாணுக்கு ஓர் இடம் என்று வண்டியின் மேல் ஒட்டிப் பார்த்துக்கொண்டே வருகிறார். ஒவ்வொரு தடவையும் 'டப்' என்று பிடித்துக்கொள்கிறது.

வண்டி உடம்பு பார்க்கிறவர்கள் பெயின்ட்டை நம்புவதில்லையாம். அடியில் நல்ல தகரம் இருக்கிறதா, இல்லை யாரோ எப்போதோ பள்ளத்தில் பட்டியை அப்பித் தேய்த்து மறைத்திருக்கிறார்களா என்று முதலில் தெரியவேண்டும்.

"காந்தம் புட்ச்சிகினா தகரம். கீழ வுழுந்துச்சினா பட்டி. மன்சன் பொய் சொல்லுவான், இது சொல்லாது," என்றார் நாகு அண்ணன்.

ஒவ்வொரு 'டப்'புக்கும் மாமா தலையை ஆட்டி "ஒரிஜினல்" என்றார், ஏதோ அந்தத் தகரத்தை அவரே அடித்துச் செய்த மாதிரி. பின்னால் காபி பிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்த எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஏப்ரல் வெயில் காரணமில்லை. காந்தம் முன் கதவைத் தாண்டிப் பின் கதவுக்கு வந்துவிட்டது. பின் கதவுக்கு அப்புறம் பின் சக்கரம். பின் சக்கரத்துக்கு அப்புறம், வண்டியின் இடது பின் மூலை.

அந்த மூலையில் நிஜமாக என்ன நடந்தது என்பது உலகத்தில் எனக்கு ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மாவு மிஷின்காரர் கதையைப் படித்துவிட்டு மாடம்பாக்கத்து வாசகி ஒருவர் எழுதியிருந்தார். 'டீச்சர், ஊர் வம்பெல்லாம் எழுதுகிறீர்கள், உங்கள் வீட்டில் ஒன்றுமே நடக்காதா?' என்று. நடந்தது அம்மா. இந்த வாரம் என் தலையிலேயே நான் மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறேன்.

கல்யாண வண்டி

என் மகள் ஷீபாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவள் நகை கேட்கவில்லை, தாத்தாவின் காரில்தான் சர்ச்சுக்குப் போவேன் என்றாள். நகையாவது கடையில் கிடைக்கும். தாத்தாவின் கார் சேலையூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு ஒன்பது வருஷமாகப் படுத்திருந்தது. அதற்குள் மூன்று தலைமுறைப் பூனைகள் பிறந்து வளர்ந்து வெளியேறியிருந்தன.

மாமா ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். எண்பத்து நான்கு வயது. அத்தை போனதிலிருந்து எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தார். பிரஷர் மாத்திரையைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். நான் திரும்பியதும் அது வாசலில் இருக்கும் குரோட்டன்ஸ் தொட்டிக்குள் போய்விடும். "இனிமே எதுக்கும்மா, எனக்கு என்ன வேலை பாக்கி இருக்கு?" என்பார். தெருவிலேயே ரத்த அழுத்தம் கச்சிதமாக இருந்த ஜீவன் அந்த குரோட்டன்ஸ் செடிதான்.

பேத்தி காரைக் கேட்டதும் மனிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஒரே வாரத்தில் வண்டி பம்மலுக்குப் போனது. மேலே கிரீம், கீழே பிஸ்தா பச்சை என்று ஷீபா கலர் சொன்னபோது மட்டும் ஐஸ்கிரீம் வண்டியா என்று கேட்டார். அப்புறம் அதற்கும் இறங்கி வந்தார்.

இறங்கி வராதது ஒரே ஒரு விஷயத்தில். வண்டியை யார் ஓட்டுவது?

மாமாவுக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. என் கணவர் சாமுவேல் வாழ்க்கையில் ஸ்டீரிங்கைத் தொட்டதில்லை. அவருக்கு மின்சார ரயிலும் பேப்பரும் போதும். குடும்பத்தில் நன்றாக ஓட்டத் தெரிந்தவன் அவருடைய தம்பி டேனி ஒருவன்தான். கீழ்க்கட்டளையில் இருக்கிறான். சொந்தக் காரில் தினமும் ஆபீஸ் போய் வருகிறான். ஷீபாவைச் சின்ன வயதில் மழையிலும் வெயிலிலும் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போனவன். சித்தப்பா ஓட்டினால்தான் ஏறுவேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

"யார் வேணா ஓட்டட்டும். டேனியல் அந்தச் சாவியத் தொடக்கூடாது," என்றார் மாமா.

டேனி இதைக் கேட்டு "பரவால்ல அண்ணி" என்றான். ஐம்பதை நெருங்குகிற ஆள், பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொன்னான்.

ஏழாவது வகுப்பு

இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாள். எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். மாமா டியூட்டியில். அத்தை சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குக் கிளம்பும்போது, பிழிந்து வைத்த அரிசி வடகத்தை வெயிலில் காயவைக்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் பின்பக்கத்தில் வெயில் விழுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் மாமர நிழல். அந்த ஒரே இடத்தில் அம்பாசடர் நின்றது.

வேறு யாராக இருந்தாலும் வடகத்தை மாடிக்குத் தூக்கிப் போயிருப்பார்கள். நான் கேம்ப் ரோடில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து ஆறு வகுப்பு முடித்திருந்தேன். அரைக்குடம் தளும்பும் என்பார்கள், நான் வழிந்துகொண்டிருந்தேன். பைபிள் வசனக் காலண்டருக்குக் கீழே ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தேன். வண்டியைப் பத்தடி பின்னால் தள்ளி நிறுத்தினால் போதும்.

ரிவர்ஸ் எடுக்கக் கற்றுத் தருவது ஏழாவது வகுப்பில்.

கிளட்ச்சை எப்போது விட்டேன் என்று தெரியாது. 'ணங்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. பின்னால் துணி துவைக்கிற கல் இருந்தது. இறங்கிப் பார்த்தேன். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியின் இடது பின் மூலையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பள்ளம். வெள்ளைப் பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்து கிடந்தது.

அப்புறம் நான் செய்ததை இன்று நினைத்தாலும் எனக்கே வியப்பாக இருக்கிறது. அழவில்லை. வெயில் விழுந்த இடம் காலியாகிவிட்டதே என்று பாயை விரித்து வடகத்தைக் காயப்போட்டேன். நாலு மணிக்கு வாரிக் கட்டினேன். வண்டியை முன்னால் எடுத்துப் பழைய இடத்தில் நிறுத்தினேன். முன்னால் போவது முதல் வகுப்பிலேயே வந்துவிட்டது. பள்ளம் விழுந்த பக்கம் சுவரைப் பார்த்து நின்றது.

காலையில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக.

என்கொயரி

அன்று சாயங்காலம் டேனி அத்தையை அழைத்துவர வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அப்போது அவன் காலேஜ் கடைசி வருஷம். திரும்பி வந்து நிறுத்தும்போது பின்னால் ஏதோ இடித்த சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கிறது. இருட்டத் தொடங்கியிருந்ததால் இறங்கிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் மாமா பள்ளத்தைப் பார்த்துவிட்டார். சாப்பாட்டு மேஜையில் இட்லிக்கு நடுவே, யார் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். நம்புங்கள், திறந்தேன். ஆனால் டேனி முந்திக்கொண்டான்.

"நான்தான்ப்பா," என்றான்.

அவன் யாரையும் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. தான்தான் இடித்தோம் என்று உண்மையாகவே நம்பினான். நான் திறந்த வாயில் ஒரு துண்டு இட்லியை வைத்து மூடிக்கொண்டேன். அந்த இட்லி இருபத்தாறு வருஷமாகத் தொண்டையில் நிற்கிறது.

மாமா ரயில்வேயில் பல என்கொயரி நடத்தியவர். வீட்டிலும் நடத்தினார். எங்கே, எத்தனை வேகம், ஏன் பிரேக் பிடிக்கவில்லை என்று கேட்டு எழுதி வாங்கினார். ஒரு சத்தத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாத டேனி, நிறுத்தும்போது கேட்ட அந்தச் சின்னச் சத்தத்துக்கு இவ்வளவு பெரிய பள்ளம் விழாது, வழியில்தான் எங்கோ இடித்திருப்போம் என்று யோசித்து யோசித்து, சர்ச் முனையில் திரும்பும்போது நாய் குறுக்கே வந்ததாகவும், இடது பக்கம் ஒடித்ததில் பின் மூலை விளக்குக் கம்பத்தில் உரசியிருக்கவேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தான். மறு உத்தரவு வரும்வரை சாவியைத் தொடக்கூடாது என்று தீர்ப்பானது. மாமா அன்றைக்கே யாரோ ஒருவரிடம் போய்ப் பள்ளத்தைப் பட்டி வைத்து மூடி வெள்ளையடித்துக்கொண்டு வந்தார். மறு உத்தரவு வரவேயில்லை.

ஒவ்வொரு கிறிஸ்மஸ் சாப்பாட்டிலும் டேனி அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பான். முதல் வருஷம் அது சாதாரணத் தெருநாய். ஐந்தாவது வருஷம் கன்றுக்குட்டி உயரத்துக்கு வந்துவிட்டது. ஷீபா பிறந்து கதை கேட்கும் வயது வந்தபோது அது கறுப்பு நிறம், ஒரு காது கிடையாது, அவனை முறைத்துப் பார்த்தது. அவன் சொல்லச் சொல்ல எனக்கே அந்த நாய் கண்ணில் தெரிய ஆரம்பித்தது.

நான் என்ன செய்தேன்? ஞாயிற்றுக்கிழமை தோறும் வஞ்சிர மீன் குழம்பில் பெரிய துண்டை டேனிக்குப் போட்டேன். அண்ணிக்கு என் மேல் எவ்வளவு பாசம் என்று அவன் ஊரெல்லாம் சொன்னான். பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். தப்பைத் தானாக ஒப்புக்கொண்டால் தண்டனை கிடையாது என்று வருஷா வருஷம் புது வகுப்புக்கு முதல் நாள் சொல்கிறேன். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில். கிறிஸ்தவப் பெண்ணுக்கும் இந்தப் பழமொழி பொருந்தும்.

கதை ஒத்துவரவில்லை

மறுபடியும் பம்மல். காந்தம் பின் மூலைக்கு வந்தது. நாகு அண்ணன் வைத்தார், கையை எடுத்தார். காந்தம் சிமென்ட் தரையில் 'டொக்' என்று விழுந்து என் செருப்பு வரைக்கும் உருண்டு வந்தது. வேறு திசையே கிடைக்கவில்லை அதற்கு.

"அது டேனியல் வேலை," என்றார் மாமா.

நாகு அண்ணன் உளியால் தட்டினார். பட்டி பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அரை இஞ்ச் கனம். அதைக் கையில் வைத்துப் பார்த்து, வண்டிக்குப் பட்டி வைத்தார்களா, வீட்டுக்குச் சுவர் வைத்தார்களா என்று கேட்டார். அடியில் அந்தப் பள்ளம், இருபத்தாறு வருஷத் துருவோடு, அப்படியே இருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் அரிசி வடகத்தின் வாசனை வந்தது.

நாகு அண்ணனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பள்ளத்தைப் பட்டியால் நிரப்பமாட்டார். தகரத்தைத் தகரமாகவே நிமிர்த்துவார். அப்புறம் பேருக்கு ஒரு பூச்சு பட்டி, பிரைமர், தண்ணீர் விட்டு உப்புத்தாள் தேய்ப்பு. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, மெல்லிய துணியை உள்ளங்கைக்கு அடியில் வைத்துத் தடவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் கைக்குத் தெரியுமாம். மாமாவும் பக்கத்தில் நின்று கண்ணை மூடித் தடவுவார். ஒருநாள் அப்படியே தடவிக்கொண்டு போய் நாகு அண்ணனின் தலையையும் தடவி "இங்க கொஞ்சம் மேடா இருக்கு" என்றார்.

பள்ளத்தை நிமிர்த்துவதற்கு நாகு அண்ணனுக்கு ஒரு தகவல் தேவைப்பட்டது. இடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எதன் மேல், எவ்வளவு வேகம்.

"எப்பிடி வந்துச்சோ அப்பிடியே திருப்பி அனுப்பணும் சார். கடசியா மடிஞ்சத மொதல்ல எடுக்கணும். மாத்தி அடிச்சா தகரம் கோச்சிக்கும்," என்றார்.

மாமா என்கொயரி ரிப்போர்ட்டை மனப்பாடமாகச் சொன்னார். வண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது, விளக்குக் கம்பம், முன்னாலிருந்து பின்னால் உரசல், நாய். நாகு அண்ணன் தாடையைச் சொறிந்தார். தனக்கு ரிவர்ஸில் இடித்த மாதிரித் தெரிகிறது என்றார். பழைய ஆள் மேலே கண்டபடி தட்டியிருப்பதால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்றும் சொன்னார். மாமா விடவில்லை. எழுத்து மூலமான வாக்குமூலம் இருக்கிறது என்றார். நான் பிளாஸ்க்கின் மூடியைத் திறந்து திறந்து மூடினேன்.

ரிப்போர்ட்டின்படியே வேலை நடந்தது. இரண்டு நாள் சூடு காட்டி, உள்ளே இரும்புக் கட்டை கொடுத்து, வெளியே சுத்தியலால் தட்டினார். மூன்றாம் நாள் பள்ளம் நிமிர்ந்துவிட்டது. மாமா ஆசையாக விரலால் தொட்டார். 'டொக்' என்று உள்ளே போனது. நாகு அண்ணன் உள்ளிருந்து தள்ளினார். 'டொக்' என்று வெளியே வந்தது. எண்ணெய் டின்னின் அடிப்பக்கம் போல, தொட்டால் உள்ளே, தள்ளினால் வெளியே.

"கதையில இன்னாவோ தப்பு கீது சார். இன்னொரு தபா மாத்தி அடிச்சா தகரம் இழுத்துக்கும். அப்பறம் வெட்டித்தான் எடுக்கணும். எப்பிடி இட்ச்சாங்கனு கரீட்டா தெரியாம நான் கை வெக்கமாட்டேன்," என்றார் நாகு அண்ணன். சுத்தியலைக் கீழே வைத்தே விட்டார். கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது.

அதே வாரம் வீட்டுக்கு மேக்கப் போடும் பெண் வந்து ஷீபாவின் முகத்தை ஆராய்ந்தாள். முதலில் பிரைமர், அப்புறம் பேஸ், குழி தெரியாமல் நிரப்பிவிடலாம் என்றாள். பட்டி டிங்கரிங் என்று ஊரில் கிண்டலாகச் சொல்வது எவ்வளவு சரி. உனக்காவது எப்படி இடித்தது என்று கேட்காமல் மூடத் தெரிகிறதே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

சிங்கப்பெருமாள் கோவில் வரை ஓடினேன்

உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு எல்லா வழியையும் தேடினேன். வேறொரு பழைய வண்டியிலிருந்து அந்த மூலையை மட்டும் வெட்டி எடுத்துவந்தால் வெல்டிங் வைத்துவிடலாம் என்று நாகு அண்ணன் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். என் பழைய மாணவன் ஒருவன் மூலமாக, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தோட்டத்தில் அம்பாசடர் ஒன்று கிடக்கிறது என்று தெரியவந்தது.

பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். கணவரிடம் டீச்சர்கள் கூட்டம் என்று சொன்னேன். ஒரு பொய்யை மூட இன்னொரு பொய், பட்டிக்கு மேல் பட்டி. தாம்பரத்தில் ரயில் ஏறி, இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, முள்வேலி தாண்டிப் போனால், வண்டி இருந்தது. பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நான் எட்டிப் பார்த்ததும் அது என்னை முறைத்த முறையில், டேனியின் நாய் ஒன்றுமேயில்லை.

சுற்றிப் போய் இடது பின் மூலையைப் பார்த்தேன். பள்ளம். அதே இடம். எங்களுடையதைவிடப் பெரியது. யார் வீட்டு மருமகளோ, என்ன காயவைத்தாளோ.

திரும்பும் வழியில் ரயிலில் உட்கார்ந்து அழுதேன். எதிரே இருந்த அம்மாள் மோர் பாக்கெட் கொடுத்து, எல்லாம் சரியாகிவிடும் என்றார். எது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் பம்மலுக்குப் போனோம். நாகு அண்ணன்தான் கூப்பிட்டிருந்தார். இடித்தவரையே நேரில் கேட்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். டேனி வெள்ளைச் சட்டையோடு வந்து, ஷெட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றான். வண்டியைத் தொடக்கூடாதே.

"சொல்லு தம்பி, எப்பிடி இட்ச்ச?" என்றார் நாகு அண்ணன்.

டேனி ஆரம்பித்தான். சர்ச் முனை. இருட்டு. நாய். வழக்கமாகச் சிரித்துக்கொண்டு சொல்கிறவன், அன்று சிரிக்கவில்லை. அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தைகூடத் தப்பாகிவிடக்கூடாது என்று பயந்து பயந்து சொன்னான். ஒருவேளை இன்று சரியாகச் சொன்னால் மன்னிப்பு கிடைக்கும் என்று நினைத்தானோ என்னவோ. கறுப்பு நாய், ஒரு காது இல்லை, என்று அவன் சொன்ன இடத்தில் என்னால் தாங்க முடியவில்லை.

"ரிவர்ஸ்ல போச்சு," என்றேன். "துவைக்கிற கல்லு. வடகம் காயவைக்க இடம் இல்லேன்னு நான்தான் எடுத்தேன்."

நாகு அண்ணன் சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டார். அவருக்கு எங்கள் குடும்பம் முக்கியமில்லை, தகரம்தான் முக்கியம்.

"கல்லு எவ்ளோ ஒசரம் டீச்சரம்மா?"

முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே காட்டினேன்.

"ஸ்பீடு?"

"கிளட்ச்சை டக்குனு விட்டுட்டேன்."

"ஒரே குத்தா, ரெண்டு குத்தா?"

"ஒண்ணுதான்."

"இத மொதல்லியே சொல்லிகீலாமே," என்று வண்டிக்கு அடியில் போய்விட்டார். அவர் சொன்னது சரிதான். இருபத்தாறு வருஷம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

நான் மாமாவின் முகத்தைப் பார்க்காமல் டேனியைப் பார்த்தேன். அவன் வாசலிலேயே நின்றான். கோபப்படுவான், கத்துவான், என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"அண்ணி, அப்போ அந்த நாய்?" என்றான்.

நாய் இல்லை என்று மெதுவாகச் சொன்னேன். அன்று அவனுக்குக் கேட்டது, கல்லுக்குப் பக்கத்தில் நான் வைத்துவிட்டுப் போன வாளியின் சத்தமாக இருக்கும் என்றேன். அவன் முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை. வளர்த்த நாயைப் பறிகொடுத்த துக்கம்.

அப்போதுதான் என் கணவர் தொண்டையைக் கனைத்தார். "எனக்கு அப்பவே லேசா சந்தேகம். அந்த வருஷ வடகத்துல வெள்ளையா ஒரு செதில் வந்துச்சு. பெயின்ட்டு."

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"தின்னுட்டேன்," என்றார்.

சாட்சியைத் தின்றுவிட்டு இருபத்தாறு வருஷம் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த மனிதரோடு நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன். நியாயமாக அவர்மேல் கோபம் வரவேண்டும். கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

மாமா கடைசியில் வாய் திறந்தார். கேட்டது ஒரே கேள்வி.

"வடகம் நல்லா காஞ்சுதா?"

"காஞ்சுது மாமா," என்றேன்.



மறு உத்தரவு

நாகு அண்ணன் ரிவர்ஸில் வந்ததை ரிவர்ஸிலேயே திருப்பி அனுப்பினார். ஒன்றரை நாள். தகரம் நிமிர்ந்தது. மாமா விரலால் அழுத்தினார், போகவில்லை. கட்டைவிரலால் அழுத்தினார், போகவில்லை. காந்தத்தைக் கேட்டு வாங்கி வைத்தார். 'டப்'. சாம்பல் நிறப் பிரைமர் ஏறியது. உப்புத்தாளும் தண்ணீரும் சேர்ந்து ஷெட் முழுக்க 'சர் சர்' என்று ஒரு வாரம் கேட்டது.

அந்த ஒரு வாரமும் மாமா என்னிடம் பேசவில்லை. காபி வாங்கிக்கொள்வார். மாத்திரையை வாங்கி குரோட்டன்ஸுக்குக் கொடுப்பார். டேனி மட்டும் தினமும் போன் செய்து, கோபமில்லை அண்ணி, ஆனால் வஞ்சிரத்தை நிறுத்திவிடாதீர்கள் என்றான்.

வண்டி கிரீமும் பிஸ்தாப் பச்சையுமாக வீடு வந்த அன்று சாயங்காலம், ஜெபம் முடிந்ததும் மாமா எல்லோரையும் உட்காரச் சொன்னார். டேனியும் வந்திருந்தான். மாமா சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"டேனியல், உன் மேல குத்தம் இல்ல. என்கொயரிய நான் சரியா நடத்தல. அப்பாவ மன்னிச்சிரு," என்று சாவியை அவன் கையில் வைத்தார்.

டேனி சாவியைப் பார்த்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். ஷீபா அவன் பின்னாலேயே ஓடினாள்.

அப்புறம் மாமா என் பக்கம் திரும்பினார். எழுந்து நின்றேன். நின்றுகொண்டுதான் கேட்கவேண்டும் என்று தோன்றியது.

"அவன் இருபத்தாறு வருஷம் சாவியத் தொடாம இருந்தான். உனக்கும் அதே தண்டனை. இன்னையிலேர்ந்து இருபத்தாறு வருஷம் நீ சாவியத் தொடக்கூடாது. முடிஞ்ச அன்னிக்கி நானே என் கையால எடுத்துக் குடுப்பேன்."

நான் கணக்கு டீச்சர். உடனே கூட்டிப் பார்த்தேன். எனக்கு எழுபத்தேழு. அவருக்கு நூற்றுப் பத்து. சரி மாமா என்றேன். வேறென்ன சொல்ல.

கல்யாணத்தன்று டேனி ஓட்டினான். சர்ச் முனையில் திரும்பும்போது, எந்தக் காரணமும் இல்லாமல், வேகத்தைக் குறைத்து ஒரு தடவை ஹாரன் அடித்தான். பின் சீட்டில் ஷீபா சிரித்துச் சிரித்து மேக்கப் கலைந்துவிட்டது.

இதெல்லாம் முடிந்து பத்து மாதமாகிறது. பின்பக்கத்தில் வண்டி அதே இடத்தில் நிற்கிறது. நான் வடகத்தை மாடியில் காயவைக்கிறேன். வாசலில் குரோட்டன்ஸ் கொஞ்சம் வாடியிருக்கிறது. அதற்கு இப்போது மாத்திரை கிடைப்பதில்லை. தினமும் காலையில் எட்டு மணிக்கு மாமாவே கேட்டு வாங்கி, என் எதிரிலேயே வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, தம்ளரைக் கவிழ்த்துக் காட்டுகிறார்.

"சாவி குடுக்கற வேல பாக்கி இருக்கேம்மா. இன்னும் எவ்ளோ?" என்கிறார்.

"இருபத்தஞ்சு வருஷம், ரெண்டு மாசம் மாமா," என்கிறேன்.